அரை நொடி இருட்டு

சித்திரை மாதப் பிற்பகல். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், குருபரப்பள்ளிக்கு மேலே மேகம் திரள்கிறது. மாந்தோப்புகளுக்குள் காற்று புகுந்து அடிக்கிறது. எங்கோ ஒரு கிளை மின்கம்பியில் உரசுகிறது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டுகிறது. மேலே சுற்றிய மின்விசிறி வேகம் குறையக்கூட இல்லை.

ஆனால் மேசைமேல் எல்லாம் கலைந்துவிட்டது. மானிட்டர், நெட்வொர்க் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் இணைக்கும் டாக்கில் செருகியிருந்த லேப்டாப்பின் இரண்டு பெரிய மானிட்டர்களும் கறுத்தன. வெளியே இணைத்திருந்த ஹார்டு டிஸ்கின் விளக்கு அணைந்து எரிந்தது. நெட்வொர்க் அறுந்தது. பாதிவரை ஏற்றியிருந்த சரக்குப் பட்டியல், ஈ.ஆர்.பி. மென்பொருளின் திரையோடு காணாமல் போனது. லேப்டாப் மட்டும் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கிறது.

"கரண்ட் போச்சா?"

"போச்சு, வந்துடுச்சு."

இந்த வட்டாரத்தில் பல தலைமுறைகளாகப் புழங்கும் உரையாடல் இது. தமிழ்நாடும் கர்நாடகமும் சந்திக்கும் இந்த மேட்டுநிலத்தில் மின்சாரத்தின் கதை நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பழையது. மின்சாரம் எப்போது வந்தது, யாருக்கு வந்தது என்பதை ஏடுகள் எழுதிவைத்திருக்கின்றன. போய் வந்த இடைவெளிகளை மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது அதிகம் எழுதப்படாத கதை. டாக்கில் உட்கார்ந்திருக்கும் லேப்டாப்பைக் காப்பது அந்தக் கதையின் கடைசி அத்தியாயம்.

தங்கத்துக்குப் போன கம்பி

முதல் அத்தியாயம் 1902 ஜூன் 30 அன்று தொடங்குகிறது. காவிரி இரண்டாகப் பிரிந்து விழும் சிவசமுத்திரத்தில் மைசூர் சமஸ்தானம் கட்டிய நீர்மின் நிலையம், அன்று கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் முடிவான திட்டம் அது. அது நிறைவேறுவதைக் காண அவர் இல்லை, 1901இல் காலமாகிவிட்டார். பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் திட்டத்தை முன்னின்று நடத்தினார். மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து வந்தன. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களில் ஒன்று.

வரைபடத்தை விரித்து, சிவசமுத்திரத்தையும் தங்கவயலையும் அளவுகோல் வைத்து நேர்கோட்டால் இணைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அந்தக் கோடு தளியை ஒட்டி, ஓசூருக்கு மிக அருகில் போகிறது. நேர்கோட்டின் நீளம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். போட்ட கம்பியோ 147. அதாவது கம்பி பெரிதாக வளையவில்லை. இன்றைய ஓசூர் எல்லையின் பக்கமாகத்தான் அது போயிருக்க முடியும். ஆனால் அது வழியிலிருந்த ஊர்களுக்காகப் போடப்பட்டதல்ல. லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நடத்திய சுரங்கங்களுக்காகப் போடப்பட்டது. பெங்களூர்த் தெருவிளக்குகளே அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905 ஆகஸ்டில்தான் எரிந்தன.

தங்கவயலில் மின்தடை என்பது வசதிக்குறைவு மட்டுமல்ல. அந்தச் சுரங்கங்கள் பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போயின. ஆளை இறக்கி ஏற்றும் கூண்டு, ஊறும் நீரை வெளியேற்றும் பம்பு, காற்றை உள்ளே தள்ளும் இயந்திரம் எல்லாமே தொடர்ந்து ஓடியாக வேண்டும். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துத் தமிழர்கள். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தன. ஆக, மின்சாரம் இடையில் அறுபட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை இந்த வட்டாரத்து உழைப்பாளிகள் தங்கள் உயிரோடு சேர்த்தே அறிந்திருந்தார்கள். அவர்களின் சொந்தக் கிராமங்களில் அப்போது மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. இரண்டாண்டில், 2003இல், அதே கோலாருக்கு வேறொரு பெரிய கம்பி வந்து சேர்ந்தது. ஒடிசாவின் தால்சரிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் கடந்து வரும் உயரழுத்த நேர்மின் தொடர் அது. தொடக்கத்தில் 2,000 மெகாவாட்டைச் சுமக்கும் திறன் அதற்கு. தென்னிந்தியா நெடுங்காலம் சார்ந்திருந்த உயிர்நாடிகளில் அது ஒன்று. அது திடீரென அறுந்தால் வலைப்பின்னல் மொத்தமும் சாயாமல் இருக்க, தென்மாநிலங்களில் ஆங்காங்கே சுமையைத் தானாகவே வெட்டிவிடும் ஏற்பாடும் செய்யப்பட்டது. எங்கோ நிகழும் பழுதுக்கு இங்கே ஓர் ஊர் சில நிமிடம் இருளும்.

மழையை நம்பிய மின்சாரம்

சென்னை மாகாணத்தின் கதை சற்றுப் பிந்தி ஆரம்பிக்கிறது. நீலகிரியின் பைக்காரா 1932இல் மின்சாரம் தந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்து, 1937இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. பாபநாசம் 1944இல் வந்தது. தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று பிறந்தபோது, அதன் கையில் இருந்த பலம் பெரும்பாலும் அணைகளின் நீர்தான். குந்தா பின்னால் சேர்ந்தது. 1962இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் 1970இல் எண்ணூர் அனல் நிலையமும் வந்தபிறகே கொஞ்சம் மாற்றம் ஏற்பட்டது.

நீரை நம்பிய மின்சாரத்துக்கு ஒரு குணம் உண்டு: மழை பொய்த்த ஆண்டில் விளக்கும் பொய்க்கும். வறட்சி ஆண்டுகளில் ஆலைகளுக்கு மின்வெட்டு அறிவிப்பது தமிழகத்தில் வழக்கமானது. வெட்டு என்றால் மணிக்கணக்கு, நாள்கணக்கு. யாரும் அரை நொடியைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. குழல்விளக்கு ஒருமுறை சிமிட்டினால், மாவு மில் பெல்ட் ஒருமுறை தளர்ந்தால், அதனால் இழப்பொன்றும் இல்லை. கைக்கணக்கு நோட்டில் மை சிந்தவா போகிறது?

இடைவெளியே கூடாது என்று அன்றே பிடிவாதமாக இருந்த ஓர் இடம் உண்டு. அது தொலைபேசி நிலையம். அங்கே 48 வோல்ட் ஈய பேட்டரிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். மின்சாரம் பேட்டரிக்குப் போகும், பேட்டரி தொலைபேசிக்குக் கொடுக்கும். கரண்ட் போனால் மாற்றிவிட எதுவுமில்லை, ஏனென்றால் பேட்டரி எப்போதும் வழியிலேயே இருந்தது. ஊரெல்லாம் இருண்டிருக்கும்போதும் கறுப்புத் தொலைபேசியை எடுத்தால் காதில் ரீங்காரம் கேட்டது அதனால்தான். பின்னாளில் ஆன்லைன் யுபிஎஸ் என்று விற்கப்பட்ட பொருளின் அடிப்படைக் கருத்து இதுவே.

எல்லையோரத்து ஆலைகள்

ஓசூரை மாற்றியது சிப்காட். 1971இல் தொடங்கப்பட்ட அந்த அரசு நிறுவனம், பின்தங்கிய பகுதிகளில் தொழிலை வளர்க்கும் பொறுப்போடு வந்தது. பெங்களூர் கூப்பிடு தூரத்தில் இருந்ததும், நிலம் மலிவாகக் கிடைத்ததும் ஓசூருக்கு வாய்ப்பாயின. 1980இல் அசோக் லேலண்டின் லாரி ஆலை அங்கே இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், கைக்கடிகார ஆலையை ஓசூரில் கட்டியது.

ஆலைகள் பெருகியபோது ஒரு புதிய ஓசையும் பெருகியது. "ஈ.பி. போயிடுச்சு, டி.ஜி. போடு" என்பது ஆலை மொழி. ஈ.பி. என்றால் மின்வாரியம், டி.ஜி. என்றால் டீசல் ஜெனரேட்டர். மின்வாரியக் கரண்ட் போனதும் அதைத் தானாகக் கிளப்பி, சுமையை அதன்மேல் ஏற்றும் பெட்டிக்கு ஏ.எம்.எப். பேனல் என்று பெயர். ஜெனரேட்டர் கிளம்பி, வேகம் பிடித்து, சுமை தாங்க ஏறத்தாழ பத்துப் பதினைந்து நொடி ஆகும். பிறகு ஈ.பி. திரும்பியதும் மறுபடி மாற்றும்போது இன்னொரு சிறிய துண்டிப்பு. ஆக ஒரு மின்தடைக்கு இரண்டு இருட்டு. லேத்துக்கும் வெல்டிங்குக்கும் இது பொறுக்கக்கூடியதாக இருந்தது.

கணினியால் பொறுக்க முடியவில்லை. எண்பதுகளின் இறுதியில் கணக்குப் பிரிவு அறைக்குள் வந்த முதல் பி.சி.க்கு ஏசியும் தூசி படாத உறையும் மட்டும் போதவில்லை, நிலையான மின்சாரமும் தேவைப்பட்டது. அன்று அந்த வேலைக்கு வந்தது சி.வி.டி. ஜோசப் சோலா என்ற அமெரிக்கப் பொறியாளர் 1938இல் உருவாக்கிய மின்மாற்றி வகை அது. மூலையில் உறுமிக்கொண்டு, தொட்டால் சுடும் இரும்புப் பெட்டி. மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் வெளியே ஒரே அளவில் கொடுக்கும். கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறிய இடைவெளியை அதன் உள்ளே தேங்கியிருந்த சக்தியே நிரப்பிவிடும். அதற்குமேல் நீண்டால் அதுவும் கைவிரிக்கும்.

ஏறி இறங்குவதும் சாதாரண அளவில் இல்லை. தொண்ணூறுகளில் தென்னிந்திய மின்வலையில் 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய அதிர்வெண் 48 வரை சரிவது அரிதல்ல. தேவையைவிட உற்பத்தி குறைவாக இருந்ததன் அடையாளம் அது. 2003 ஜனவரியில் தென்மண்டலத்துக்கு வந்த புதிய கட்டணமுறை, அதிர்வெண் சரியும் நேரத்தில் அளவுக்கு மீறி எடுப்பவருக்கு விலையைக் கூட்டியது. அதன்பிறகே அதிர்வெண் ஓரளவு கட்டுக்குள் வந்தது.

யுபிஎஸ் என்ற சொல் தமிழக அலுவலகங்களில் நிலைபெற்றதும் இந்தக் காலத்தில்தான். இடைவிடாத மின்வழங்கலுக்கான கருவிக்கு 1934இலேயே அமெரிக்காவில் ஜான் ஹான்லி காப்புரிமை பெற்றிருந்தார். இங்கே அதைப் பெருவாரியாக்கிய பெயர்களில் ஒன்று நியூமெரிக். ஆர். செல்லப்பன் 1984இல் தொடங்கிய அந்தத் தமிழகத் தொழில், வங்கிக் கிளை முதல் ஆலை அலுவலகம் வரை எங்கும் பரவியது. 2012இல் பிரான்சின் லெக்ராண்ட் அந்த யுபிஎஸ் பிரிவை வாங்கியது. அந்த ஆண்டைத் தமிழகம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது.

மணிக்கணக்கில் இருண்ட ஆண்டுகள்

2008 நவம்பர் 1 முதல் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு மின்வெட்டு அமலானது. மாலை ஆறு முதல் பத்து வரையான உச்சநேரத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அடுத்தடுத்த ஆண்டுகளில் நிலைமை மோசமாகி, 2012இன் பிற்பகுதியில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்கள் நாளில் பாதிக்கும் மேல் இருளில் இருந்தன. "உங்க ஊர்ல எத்தனை மணிக்குப் போகும்?" என்று கேட்காத உறவினர் தொலைபேசி அழைப்பு அந்நாளில் இல்லை. ஒருமணிக்கு ஒருமணி என்று போய் வந்த கரண்டுக்கு ஏற்ப மாவரைக்கும் நேரம், துணி துவைக்கும் நேரம், பிள்ளைகள் படிக்கும் நேரம் எல்லாம் மாறின.

அந்தக் காலத்தில் இன்வெர்ட்டர் வீட்டுப் பொருளானது. ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில், மாடிப்படிக்குக் கீழே, நீளமான டியூபுலர் பேட்டரியும் அதன்மேல் ஒரு பெட்டியும் வந்து உட்கார்ந்தன. மாதம் ஒருமுறை காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது குடும்பக் கடமையானது.

இன்னொரு பொருளும் அப்போதுதான் வீடுகளுக்குள் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது; அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் கிராமத்துப் பிள்ளைகளின் கையில் வந்த முதல் கணினி, தன் பேட்டரியைத் தானே சுமந்து வந்தது. விளக்கு அணைந்த வீட்டில் திரை மட்டும் எரிந்தது. லேப்டாப் இருந்தால் கரண்ட் போனாலும் கவலையில்லை என்ற நம்பிக்கை ஒரு தலைமுறைக்கே அப்படித்தான் பதிந்தது. இன்று ஓசூர், கிருஷ்ணகிரி ஆலை அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களில் பலர் அந்தத் தலைமுறைக்காரர்கள்.

2013இன் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தொடர் மூலம் தென்னக மின்வலை நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. ஓராண்டு கழித்து கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக உற்பத்திக்கு வந்தது. காற்றாலையும் அனல் நிலையங்களும் சேர்ந்தன. 2015 ஜூனில் தொழிற்சாலைகளின் மீதான கட்டுப்பாடு நீங்கியது. மணிக்கணக்கு மின்வெட்டு முடிந்தது.

எஞ்சியது சிமிட்டல்.

சிமிட்டல் எங்கிருந்து வருகிறது

மேலே ஓடும் கம்பிகளில் ஏற்படும் பழுதுகளில் பெரும்பகுதி தற்காலிகமானவை. கிளை உரசல், பறவை, காற்றில் இரு கம்பி ஒன்றையொன்று தொடுவது, இடி. இவற்றுக்காகத் தொடரை மொத்தமாக நிறுத்திவிடாமல், ஒரு கணம் துண்டித்து, பழுது தானாக நீங்கியதா என்று பார்த்து மறுபடி இணைக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. முன்பு லைன்மேன் சைக்கிளில் வந்து பியூஸ் போடும்வரை ஒருமணி இருட்டு. இப்போது அது அரை நொடி, ஒரு நொடியாகச் சுருங்கிவிட்டது. மின்வலை மேம்பட்டதன் விளைவே இந்தச் சிறிய இடைவெளி.

கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு இதில் தனி நிலைமை உண்டு. மாங்காய் முற்றும் மாதங்கள்தான் கோடை இடிமழையின் மாதங்களும். தோப்பும் கம்பியும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. பூமிக்கடியில் பாறை. கிரானைட்டுக்குப் பெயர்போன இந்த மண்ணில் நல்ல எர்த்திங் கிடைப்பது எளிதல்ல. கரியும் உப்பும் போட்டு நிரப்பிய எர்த் குழிக்கு வெயில் காலத்தில் நீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஊற்ற மறந்த அலுவலகத்தில் இடி விழுந்த மறுநாள் போர்டுகள் போகும்.

அரை நொடி என்பது கணினிக்கு எவ்வளவு? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓர் அலைச்சுற்று 20 மில்லி நொடி. கணினியின் பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிக்கும். அமெரிக்கக் கணினித் துறையினர் வரைந்து, உலகெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்தும் தாங்குதிறன் வரைகோடும் இதையே சொல்கிறது: மின்சாரம் முழுக்க இல்லாமல் 20 மில்லி நொடிவரை கருவி ஓடவேண்டும், அதற்குமேல் உறுதியில்லை. அரை நொடி என்றால் அதன் இருபத்தைந்து மடங்கு.

டாக்கில் இல்லாத பேட்டரி

லேப்டாப்பை மேசைக் கணினியாக மாற்றும் ஆசை பழையது. 1992இல் ஆப்பிள் வெளியிட்ட பவர்புக் டுவோவை அப்படியே ஒரு பெட்டிக்குள் தள்ளிவிடலாம். அது உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு பெரிய மானிட்டருடன் மேசைக் கணினியாகிவிடும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் இணைப்பு வைத்திருந்த காலம் அது. 2014இல் யுஎஸ்பி-சி வடிவம் வந்தபிறகு மின்சாரம், காட்சி, நெட்வொர்க், சேமிப்பு எல்லாம் ஒரே கேபிளில் போக ஆரம்பித்தன. கொரோனாவுக்குப் பிறகு பாதி நாள் வீடு, பாதி நாள் அலுவலகம் என்று ஆனபோது டாக் பெருவழக்கானது. காலையில் வந்து ஒரு கேபிளைச் செருகினால் போதும்.

இந்த வசதிக்குள்தான் பழைய இடைவெளி ஒளிந்துகொண்டது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, டாக்கில் இல்லை. டாக்குக்கு வரும் மின்சாரம் அறுந்த கணத்தில் அதனோடு மானிட்டர், லேன், ஹார்டு டிஸ்க், கீபோர்டு எல்லாம் போகின்றன. மின்சாரம் திரும்பியதும் டாக் மறுபடி விழித்து, லேப்டாப்போடு எத்தனை வாட் கொடுப்பது என்று பேசி முடிவுசெய்து, மானிட்டர்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணவேண்டும். சில நொடி ஆகும். அதற்குள் திறந்திருந்த ஜன்னல்கள் எல்லாம் சிறிய திரையில் குவிந்துவிடும். ஹார்டு டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றால் கெட்டுப்போகலாம். விண்டோஸ் 10இன் 2018 பதிப்பிலிருந்து வெளி டிஸ்குகளுக்கு உடனே எழுதிமுடிக்கும் முறை இயல்பாக வைக்கப்பட்டிருப்பதால் ஆபத்து குறைந்திருக்கிறது, நீங்கிவிடவில்லை.

இதைவிட மறைவான ஆபத்து ஒன்று உண்டு. ஆண்டு முழுக்க டாக்கிலேயே, நூறு விழுக்காடு சார்ஜிலேயே, சூடாகவே இருக்கும் லேப்டாப்பின் பேட்டரி மெல்லக் கெடுகிறது. சில நேரம் உப்பவும் செய்கிறது. பயன்படுத்தாததால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அப்படிப்பட்ட லேப்டாப் ஒரு சிமிட்டலில் மொத்தமாகவே அணையும். பல லேப்டாப்களில் சார்ஜை எண்பது விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பு இருப்பது இதற்காகத்தான். மாதம் ஒருமுறை கேபிளைக் கழற்றி அரைமணி நேரம் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாலே அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

காப்பதற்கான வழி விலையுயர்ந்ததும் அல்ல. டாக்கின் அடாப்டர் 130 வாட், இரண்டு எல்.ஈ.டி. மானிட்டர் அறுபது வாட், சிறிய நெட்வொர்க் சுவிட்ச் பத்து வாட் என்று வைத்தாலும் மொத்தம் 200 வாட். மேசைக்கடியில் வைக்கும் 600 வி.ஏ. யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தரும். போய்வரும் கரண்டுக்கு நான்கு முதல் பத்து மில்லி நொடிக்குள் பேட்டரிக்கு மாறிவிடும். கெப்பாசிட்டர் தாங்கும் இருபதுக்குள் அது அடங்கும். ஜெனரேட்டர் கிளம்பும் பதினைந்து நொடியையும் எளிதாகக் கடக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரையே அலுவலகத்துக்கும் வைத்துக்கொள்பவர்கள் அதன் பின்பக்கத்துச் சிறிய சுவிட்சைப் பார்க்கவேண்டும். விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு நிலை, கணினிக்கு யுபிஎஸ் நிலை என்று பல இன்வெர்ட்டர்களில் இரண்டு உண்டு. முதல் நிலையில் அது சாவகாசமாக மாறும். டாக் அதற்குள் அணைந்துவிடும்.

பெரிய அலுவலகங்களில் இந்தப் பிரிவினை சுவரிலேயே தெரியும். வெள்ளை சாக்கெட் ரா பவர், அதாவது யுபிஎஸ் வழியாக வராத கரண்ட்; சிவப்பு சாக்கெட் யுபிஎஸ். லேசர் பிரிண்டரைச் சிவப்பில் செருகாதே என்பது பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம்; அதன் சூட்டுருளை இழுக்கும் மின்சாரத்தில் யுபிஎஸ் திணறிவிடும். ஆனால் லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இருக்கிறதே என்று டாக்கை வெள்ளையில் செருகிவிடுகிறார்கள். மானிட்டர் சிவப்பிலும் டாக் வெள்ளையிலும் இருந்தால் பயனில்லை. எல்லாம் சிவப்பில் இருந்து, மாடிப்படி ஓரத்து நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் வெள்ளையில் இருந்தாலும் பயனில்லை. அது அணைந்து மறுபடி எழ நிமிடக்கணக்கு ஆகும். அந்த அரை நொடி, தளம் முழுவதற்கும் ஐந்து நிமிடமாக நீளும். தொலைபேசி நிலையத்தைக் கட்டியவர்கள் அறிந்திருந்ததை மேசையோரத்திலும் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது: பேச்சு கடந்துபோகும் வழியில் பேட்டரி இல்லாத கண்ணி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

யுபிஎஸ்ஸுக்கும் ஆயுள் உண்டு. உள்ளே இருக்கும் சிறிய ஈய பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுதான். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது பேட்டரிக்காரர்கள் சொல்லும் கணக்கு. மேசைக்கடியில், காலணிக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே, தூசி அடைத்துக் கிடக்கும் யுபிஎஸ் முதல் கோடையிலேயே பாதி செத்துவிடும்.

எல்லையிலேயே செய்யப்படும் கேடயம்

கரண்டின் இடைவெளியை இவ்வளவு காலம் அனுபவித்த இந்த வட்டாரமே, அந்த இடைவெளியை அடைக்கும் பொருள்களைச் செய்யும் இடமாகவும் மாறியிருக்கிறது. ஓசூர் வட்டத்துச் சேவகானப்பள்ளி ஊராட்சியில் எக்சைடு நிறுவனத்தின் ஈய பேட்டரி ஆலை இருக்கிறது. பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்த அதே ஈயமும் அமிலமும்தான் இன்றும் அடிப்படை. குருபரப்பள்ளி சிப்காட்டிலோ தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை அமைத்திருக்கிறது. 1971இல் புரூஸ் செங் தொலைக்காட்சிப் பாகங்கள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு சுவிட்சிங் பவர் சப்ளையில் உலகின் முன்னணிக்கு வந்தது. யுபிஎஸ்ஸும் தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கான மின்கருவிகளும் அதன் தொழில்.

1902இல் இந்த எல்லையை ஒட்டிக் கம்பி போனபோது, மின் இயந்திரங்களைச் செய்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள், பயன்பெற்றவர்கள் லண்டனில் இருந்தார்கள், சுரங்கத்தில் இறங்கியவர்கள் மட்டும் இங்கிருந்து போனார்கள். இன்று கருவி இங்கே செய்யப்படுகிறது. நிறுவனம் வெளிநாட்டுடையது என்றாலும் அசெம்பிளி வரிசையில் நிற்பவர்கள் சூளகிரி, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கத்துப் பெண்களும் இளைஞர்களும். நாளிதழில் "நாளைய மின்தடை" பகுதியில் தங்கள் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று காலையில் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுகிறார்கள்.

அந்தப் பிற்பகலில் குருபரப்பள்ளி அலுவலகத்தில், மழை வலுக்குமுன் ஒருவர் மேசைக்கடியில் குனிந்து டாக்கின் பிளக்கை வெள்ளை சாக்கெட்டிலிருந்து உருவிச் சிவப்பில் செருகினார். ஹார்டு டிஸ்கையும் பக்கத்து சுவிட்சையும் அங்கேயே மாற்றினார். பட்டியலை முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினார். கால்மணி நேரத்தில் மறுபடி இடித்தது. விளக்கு சிமிட்டியது. யுபிஎஸ்ஸின் ரிலே ஒருமுறை 'டக்' என்றது. வெளியே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. திரையில் நூற்றுப் பதினெட்டாவது வரி ஏறிக்கொண்டிருந்தது.